சாந்தோம் முதல் பெசன்ட் நகர் வரை, கடைசி ஆளாக

தவக்காலத்தின் நாலாவது சனிக்கிழமை எங்கள் அன்பியம் ஐந்து கோயில் நடை போகும். அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முப்பது நாற்பது சேர்ந்த குழு அது. மாதம் ஒரு தடவை யார் வீட்டிலாவது கூடி ஜெபம் சொல்வோம், சுண்டல் சாப்பிடுவோம், கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொள்வோம். நடை காலை ஆறு மணிக்குச் சாந்தோமில் தொடங்கும். லஸ், மந்தைவெளி, அடையார் வழியாகப் போய்ப் பெசன்ட் நகர் கடற்கரைக் கோயிலில் முடியும். என் கைப்பேசி காட்டியபடி 10.4 கிலோமீட்டர்.

போன வருடப் படங்களைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் வழி கேட்டு எழுதியிருந்தீர்கள். வழி, நேரம், செலவு எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் இந்த முறை உடம்பும் மனசும் ஒருசேர ஓய்ந்துபோய் எழுதுகிறேன். அங்கங்கே புலம்பல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நடையைத் தொடங்கியவள் நான். நடுவில் கொரோனாவுக்கு நிறுத்தியது போகப் பதினொரு முறை முன்னால் நின்று நடத்தியிருக்கிறேன். என் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனால் ராயப்பேட்டையிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று எங்கள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். தி.நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு நேரம் முக்கியம். ஒரு கோயிலில் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான். யாருக்காகவும் நிற்பதில்லை. இது நான் போட்ட சட்டம்.

கூட்டத்தின் கடைசியில் ஓர் ஆள் வருவார். அவரை 'வால்' என்போம். வால் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. பின்தங்குகிறவர்களுடன் நடந்து, அவர்கள் பையைச் சுமந்து, யாரும் தொலைந்துபோகாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பதினொரு முறையும் வால் ரெஜினாதான். அடையாரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள், வீடு பட்டினப்பாக்கம். ஆள் குள்ளம். என்னைவிட நாலு வயது பெரியவள். ஆனாலும் அவள் என்னை 'டீச்சர், நீங்க' என்பாள், நான் அவளை 'நீ' என்பேன். இது ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்த வருடம் ரெஜினாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. நடைக்கு அடுத்த புதன்கிழமை நாள் குறித்திருந்தார்கள். அன்பியக் கூட்டத்தில் வால் யார் என்ற பேச்சு வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கோ குதிகால் வலி. "நான் இருக்கேன்" என்று கையைத் தூக்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, "ஐயோ டீச்சர், நீங்களா, வேண்டவே வேண்டாம்" என்று யாராவது பதறுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் தூக்கினேன். யாரும் பதறவில்லை. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஜெரால்டு, இப்போது வங்கியில் வேலை, "சூப்பர் டீச்சர், அப்ப முன்னாடி நான் பாத்துக்கிறேன்" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியே விட்டான்.

சனிக்கிழமை காலை 5.20க்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆட்டோ பிடித்தேன். சாந்தோமுக்கு 80 ரூபாய். முந்தின நாள் முழுக்கத் தேர்வு அறையில் நின்ற கால் இன்னும் கடுத்துக்கொண்டிருந்தது. 5.40க்குக் கோயில் வாசலில் இறங்கினால், அங்கே முதல் ஆளாக ரெஜினா உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலில் உறை, கையில் குடையை ஊன்றியபடி.

"நீ எங்க வந்த? உன்னை வீட்ல இருக்கச் சொன்னோமில்ல?"

"இன்னா டீச்சர் இப்டி கேக்கிறீங்க? புதன்கிழம காலக் கிழிக்கப் போறாங்க. அப்பால எப்ப நடப்பனோ, யாருக்குத் தெரியும். இந்த வாட்டி கடைசி ஆசீர் வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

கடைசி ஆசீர் என்பது எங்கள் நடையின் முடிவு. பெசன்ட் நகரில் ஃபாதர் நடந்து வந்த ஒவ்வொருவரையும் வரிசையாகக் கூப்பிட்டு, கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்து, அவரவர் வேண்டுதலைக் கேட்டு ஜெபிப்பார். கடைசி ஆளாக வருகிற ரெஜினாவுக்கு அது ஒரு முறையும் கிடைத்ததில்லையாம். நான் கவனித்ததில்லை. அவள் சொன்னபோதுகூட எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாலாக வருவதே பெரிய பாடு, இதில் முழங்கால் போனவளை வேறு இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஆறு மணிக்கு முன்ஜெபம். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் மைக்கை வாங்கித் தாழ்ச்சியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவேன். பொதுவாக நன்றாகப் பேசுவேன். இந்த முறை ஜெரால்டு மைக்கைக் கொடுக்கவில்லை. 6.10க்கு 'போலாம்' என்று கையை அசைத்தான், கூட்டம் நகர்ந்தது.

சாந்தோமிலிருந்து லஸ் 1.9 கிலோமீட்டர். கச்சேரி சாலை வழியாகப் போனால் காலை நேரத்தில் நிழல் கிடைக்கும். முன்பு இருபத்தைந்து நிமிஷத்தில் போய்விடுவோம். இப்போது மெட்ரோ வேலைக்காக லஸ் முனையைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். நடைபாதை ஒரு ஆள் போகும் அளவுக்குத்தான் இருக்கிறது. எதிரில் பால் வண்டி வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ரெஜினா நூறு அடிக்கு ஒரு தரம் நின்றாள். நான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே என்னதான் வைத்திருந்தாளோ, கனமான கனம்.

போர்ச்சுகீசியர் காலத்துப் பழைய கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 6.52. எங்கள் ஆட்கள் ஜெபத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். "டீச்சர், வாசல்ல நின்னு எண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜெரால்டு சிலுவையோடு போய்விட்டான்.

எண்ணுவது வாலின் வேலை. தூங்கிப்போய்ச் சாந்தோமுக்கு வராதவர்கள் லஸ்ஸில் வந்து சேர்வார்கள் என்பதால், இங்கே எடுக்கிற எண்ணிக்கைதான் கணக்கு. வெளியே வருகிறவர்களை எண்ணி முன்னாலிருப்பவருக்குப் போனில் சொன்னால், அதே எண்ணிக்கைக்குப் பெசன்ட் நகரில் சாப்பாட்டுப் பொட்டலம் சொல்லிவிடுவார்கள். வெளியே வந்தவர்கள் முப்பத்தேழு. பக்கத்தில் குடையோடு நின்ற ரெஜினாவைச் சேர்த்து முப்பத்தெட்டு. ஜெரால்டுக்குச் சொன்னேன்.

"டீச்சர், ஒரு ரெண்டு நிமிசம் உள்ள போய்ட்டு வரவா?" என்றாள் ரெஜினா.

"நேரமாகுதே ரெஜினா. இங்க நின்னா அங்க ஆசீர் போயிடும்."

"இந்த நடையில வந்து இதுக்குள்ள நான் போனதே இல்ல டீச்சர். நான் வர்றப்ப எல்லாரும் கெளம்பிடுவாங்கோ."

பதினொரு முறை இந்த வாசல் வரை வந்துவிட்டு உள்ளே கால் வைக்காமல் போயிருக்கிறாள். பத்து நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கிளப்பியது நான். போ என்றேன். இரண்டு நிமிஷம் என்று போனவள் ஏழு நிமிஷம் கழித்து வந்தாள். நான் வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நின்றேன். உள்ளே போக எனக்குத் தோன்றவில்லை, கூடவே அவளைச் சீக்கிரம் வரச்சொல்லிக் கத்தவும் வாய் வரவில்லை.

மந்தைவெளிக் கோயில் அடுத்த 1.6 கிலோமீட்டரில். நாங்கள் சேர்ந்தது 7.50. முன்னாலிருந்தவர்கள் கால் மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டார்கள். தெருவில் எங்கள் கூட்டம் போன அடையாளமாகக் கிழித்துப்போட்ட பிஸ்கட் உறைகள் மட்டும் கிடந்தன. அதைப் பொறுக்குவதும் வாலின் வேலையாம், ரெஜினா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளால் குனிய முடியாது. "டீச்சர், அதோ ஒண்ணு. அதோ, அந்தாண்ட" என்று குடையால் காட்டினாள், நான் பொறுக்கினேன். அப்போது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஐம்பத்து மூன்று வயதில், வீட்டிலேயே குனிந்து பெருக்காதவள், மந்தைவெளித் தெருவில் பிஸ்கட் உறை பொறுக்குகிறேன். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலைகுனிந்தே நடந்தேன். அதைப் பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருக்கக்கூடும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் டீக்கடை. இரண்டு டீ முப்பது ரூபாய். கடையில் பெஞ்ச் கிடையாது, ஒரு தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதில் ரெஜினா உட்கார்ந்தாள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் என் கால் கெஞ்சியது. "நீங்க குந்துங்க" என்று எழுந்தாள். வேண்டாம் என்றேன். அவள் எழுந்தது எழுந்ததுதான், மறுபடி உட்கார மாட்டேன் என்றாள். கடைசியில் இருவருமே நின்றுகொண்டு குடித்தோம். கேன் சும்மா கிடந்தது.

அங்கிருந்து திரு.வி.க. பாலம். இந்த வழியில் மோசமான பகுதி இதுதான், போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நிழல் துளிகூட இல்லை. 9.30க்கு நாங்கள் பாலத்தில் இருந்தோம். கீழே ஆறு, அதன் வாசனையை நான் சொல்லத் தேவையில்லை. தூரத்தில் மட்டும் தண்ணீர் பளபளத்தது, வெள்ளைப் பறவைகள் சில நின்றன. ரெஜினா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். முகமெல்லாம் வியர்வை. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்காம இன்னா" என்றாள்.

பாலம் இறங்கியதும் ஓர் ஆட்டோ. ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, இந்த வெயில்ல கால இழுத்துக்கினு எங்க போறீங்கோ?"

"பெசன்ட் நகர் கோயிலுக்கு."

"ஏறுங்க, எழுவது ரூபா குடுத்தா போதும். பெரியம்மா நிக்கக்கூட முடியாம கீறாங்களே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆசையில். "ஏறிடலாமா ரெஜினா? பத்து நிமிஷத்துல போயிடலாம். உனக்கு ஆசீரும் கிடைச்சிடும்."

அவள் ஆட்டோவைப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேணாம் டீச்சர். நடந்து போறதுக்குத்தான வந்தேன். ஆட்டோல போய் ஆசீர் வாங்க எங்க வூட்டாண்ட கோயில் போதுமே."

ஓட்டுநர் சிரித்துவிட்டு இருக்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "இத்த எட்த்துக்கோங்க. நான் நோன்பு வெச்சிருக்கேன். எங்க வூட்டம்மா பழக்கத்துல ரொப்பி அனுப்பிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் சொம்மாதான் கெடக்கும்."

"இவங்களும் விரதம்தான் பாய்" என்றேன் நான் பெருமையாக. "வருஷா வருஷம் ஒண்ணும் சாப்பிடாமத்தான் இவ்வளவு தூரம் நடப்பாங்க." எங்கள் அன்பியத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நடை முடிந்து நாங்கள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ரெஜினா மட்டும் ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். நான்கூட மைக்கில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: ரெஜினாவைப் பாருங்கள், சேவையும் செய்துகொண்டு விரதமும் இருக்கிறாள், தாழ்ச்சி என்றால் இது.

"அப்டியா! அல்லா காப்பாத்தட்டும்" என்றார் அவர். பாட்டிலை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ரெஜினாவுக்குப் புரையேறியது. முதுகைத் தட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புகழ்ந்தால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடையார் கோயிலுக்கு 10.05. அங்கும் அவள் உள்ளே போனாள், இந்த முறை நானும் போனேன். நடுவில் ஒரு பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தோம். என்ன ஜெபம் சொன்னேன் என்று கேட்காதீர்கள், மின்விசிறிக் காற்றுக்கு நன்றி சொன்னேன். வெளியே வந்து ஜெரால்டுக்குப் போன் போட்டேன்.

"ஜெரால்டு, கடைசி ஆசீரைக் கொஞ்சம் தள்ளி வைப்பா. நாங்க பதினொன்றரைக்குள்ள வந்துடுவோம். ரெஜினாவுக்காகத்தான் கேக்கறேன்."

"ஐயோ டீச்சர், எல்லாரும் வந்தாச்சு, வெயில்ல உக்காந்திருக்காங்க. ஃபாதருக்குப் பதினோரு மணிக்கு ஒரு அடக்கத்துக்குப் போகணுமாம். யாருக்காகவும் நிக்கறதில்லன்னு நீங்கதானே டீச்சர் ரூல் போட்டீங்க?"

அவன் நக்கலாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். நல்ல மாணவன், சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொள்வான். ஒரு வருடம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்லிக் கேட்டபோது, இதே வார்த்தையைச் சொல்லி நான் நடையைக் கிளப்பியதை அவன் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

நாங்கள் போனில் பேசியதையெல்லாம் ரெஜினா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இன்னா சொல்றான்?" என்று ஒப்புக்குக் கேட்டாள். முடியாதாம் என்றேன். "செரி வுடுங்க" என்றாள். அங்கிருந்து பெசன்ட் நகர் மூன்று கிலோமீட்டர். நடுவில் ஒரு மரத்தடியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வியர்வை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். வியர்வை இல்லை.

11.25க்குக் கோயில் வளாகத்துக்குள் நுழைந்தோம். கடல் காற்று அடித்தது. எங்கள் கூட்டத்தில் யாரும் இல்லை, வேனில் ஏறிப் போய்விட்டார்கள். ஜெரால்டு மட்டும் பேனரைச் சுருட்டி வைத்துக்கொண்டு மர நிழலில் காத்திருந்தான். பக்கத்தில் ஒரே ஒரு பொட்டலம்.

"டீச்சர், ஸாரி. ஒண்ணுதான் மிச்சம். முப்பத்தெட்டு சொன்னீங்க, எண்ணி முப்பத்தெட்டு வாங்கினேன். யாரோ ரெண்டு எடுத்துட்டாங்க போல. நான் போய் வேற வாங்கிட்டு வரேன்" என்றான்.

வேண்டாம்பா, நீ கிளம்பு என்றேன். அவனும் பேனரோடு போனான். ரெஜினா ஒரு பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு லஸ் வாசலை நினைத்துப் பார்த்தேன். வெளியே வந்தவர்கள் முப்பத்தேழு. ரெஜினா ஒன்று. முப்பத்தெட்டு. யாரும் இரண்டு எடுக்கவில்லை. அதில் நான் இல்லை.

இருபத்தெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் தன்னைச் சேர்க்காமல் எண்ணியிருக்கிறேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இது எப்போதும் வாலின் வேலை. எப்போதும் வெளியே வருகிறவர்களைத்தான் எண்ணச் சொல்வோம்.

"ரெஜினா, நீ எண்ணும்போது உன்னைச் சேத்துப்பியா?"

அவள் கடல் பக்கம் பார்த்தாள். "எதுக்கு டீச்சர் இப்ப அது?"

"சொல்லு."

"வெளிய வர்றவங்கள எண்ணுன்னு சொன்னீங்கோ. நான்தான் உள்ளயே போவலியே."

அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். "அப்ப விரதம்?"

"நான் எங்க விரதம்னு சொன்னேன்? மொத வருசம் வந்து பாத்தா பொட்டி காலியா கீது. யாரோ 'சாப்டலியா'ன்னு கேட்டாங்கோ. 'பரவால்ல, வேணாம்'னு சொன்னேன். நீங்க மைக்கப் புட்ச்சி, 'ரெஜினா விரதத்தோட நடந்திருக்கா'ன்னு சொல்லிட்டீங்கோ. எல்லாரும் கை தட்றாங்கோ. அப்பால எப்டி டீச்சர் போய் எனக்கு சோறு குடுன்னு கேக்கறது?"

"அடுத்த வருஷமாவது ஒண்ணு சேத்துச் சொல்லியிருக்கலாமே!"

"சேத்தா, விரதம்னு பேர் வாங்கிட்டு சோத்துக்கு அலையறா பாருன்னு பேசமாட்டாங்களா? கோவம் வந்துச்சு, டீச்சர். வராம இன்னா. வயிறு எரியும். மனசுக்குள்ள உங்கள நல்லா திட்டுவேன். பஸ் ஸ்டாண்டாண்ட ரெண்டு பரோட்டா துன்னுட்டுத்தான் வூட்டுக்குப் போவேன். பாவசங்கீர்த்தனத்துல அத்தயும் சொல்லிட்டேன், திட்டினத்த."

என்னைத் திட்டியதற்கு அவள் பாவமன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான் எதற்கும் கேட்டதில்லை, கேட்க ஏதாவது இருக்கிறது என்றே தெரியாது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தேன், வாயில் வந்தது "மன்னிச்சுக்குங்க." அவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னா டீச்சர், புதுசா மரியாத? காலு வலி தலைக்கு ஏறிச்சா?" என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பாதி என்று இலையில் கோடு போட்டேன். பசி பிடுங்கிக்கொண்டிருந்தது, என் பாதி இரண்டு கவளத்தில் போய்விட்டது. இதுவாவது பாதி. அவளுக்குப் பதினொரு முறை ஒரு பருக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். ரெஜினா சாதத்தைக் கையில் வைத்தபடியே பதறினாள். "ஐயையோ, வேணவே வேணாம்! இத்தினி வருசமா எல்லாரும் என்ன நல்லவன்னு நெனச்சிக்கினு கீறாங்கோ. கெடுத்துடாதீங்க. நீங்க தப்ப ஒத்துக்கினீங்கன்னு உங்களுக்குத்தான் கை தட்டுவாங்கோ. எனக்கு பரோட்டா பேருதான் நிக்கும்."

அவள் சொன்னது சரி. என்னை எனக்கே தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மைக்கில் எதுவும் சொல்லவில்லை. ஜெரால்டிடம் மட்டும், அடுத்த வருடத்திலிருந்து எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள், ஒவ்வொரு கோயிலிலும் வால் உள்ளே போய் வரும் வரை நில் என்று சொன்னேன். ஏன் டீச்சர் என்றான். சொன்னதைச் செய்டா என்றேன், பழைய பழக்கத்தில். இங்கே எழுதியிருப்பது அவள் அனுமதியோடுதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் அன்பியத்தில் இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்கள் யாரும் இல்லை, அது எனக்கு எப்போதும் வருத்தம், இந்த முறை நிம்மதி.

போக நினைப்பவர்களுக்கு: ஆறு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள், பாலத்தை எட்டரைக்குள் தாண்டிவிட வேண்டும். மெட்ரோ தடுப்புகளால் லஸ்ஸிலிருந்து அடையார் வரை நடைபாதை மாறிக்கொண்டே இருக்கிறது, முந்தின நாள் ஒரு தரம் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நல்ல நடை உள்ளவர்களுக்கு நாலு மணி நேரம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஐந்தேகால். கழிப்பறைக்கு அடையார் கோயிலை நம்பலாம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். என் செலவு ஆட்டோ 80, டீ 30, சாப்பாட்டுக்கு அன்பியத்தில் கட்டிய 60, ஆக 170 ரூபாய். திரும்பச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. குழுவாகப் போகிறவர்கள் எண்ணும் வேலையைக் கடைசி ஆளிடம் விடாதீர்கள். விட்டால், அவர் சாப்பிட்டாரா என்று போய்ப் பாருங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சாப்பிட்ட பிறகு குழாயில் கை கழுவிக்கொண்டு பெசன்ட் நகர் பேருந்து நிலையத்துக்கு மெதுவாக வந்தோம். ஆசீர் இல்லாமலே புதன்கிழமை அவள் போகப்போகிறாள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஃபாதரிடம் பேசி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறேன் என்றேன். "அவரு பாவம், அலையறாரு. சிலுவ தான, நீங்க போடுங்க டீச்சர்" என்றாள். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பரீட்சைக்குக் கிளம்பும்போது பெற்றவர்கள் நெற்றியில் வரைவதுதான், யாரும் யாருக்கும் வரையலாம். ஆனால் என் கை எழவில்லை. எந்த உரிமையில் எழும்? "போடுங்க, பஸ்ஸு வந்துடப்போவுது" என்று அதட்டினாள். கட்டைவிரலால் அவள் நெற்றியில் வரைந்தேன். கால் நல்லபடியாகட்டும் என்று வாய்க்குள் சொன்னேன். வியர்வையில் விரல் வழுக்கியது. அவள் கண்ணை மூடி, "ஆமென்" என்றாள்.

பேருந்து தூரத்தில் திரும்புவது தெரிந்தது. பதினொரு முறையும் நான் ஃபாதரிடம் முதல் ஆளாக ஆசீர் வாங்கியவள். யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை, வரிசையில் முன்னால் நிற்பேன், கிடைக்கும்.

"ரெஜினா, எனக்கும் போடு" என்றேன்.

அவள் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையைத் தூக்கினாள். நான் தலையைக் குனிந்தேன்.

"இன்னுங்கொஞ்சம் குனிங்க டீச்சர்" என்றாள். "எட்டல."